ஒரு குமிழ் அகலத்தில் ஒரு ராக்கெட்

குன்றும் விண்ணும் – 12

சென்ற அத்தியாயத்தை முத்தோரையில் முடித்தோம். ஊட்டியின் அட்சரேகைக்கு ஒத்த 11 டிகிரி சரிவைத் தேடிப் பிடித்து, கோவிந்த் ஸ்வரூப்பும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இளைஞர்களும் 1970இல் நிறுத்திய ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தோம். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பரவளையச் சட்டங்கள். அவற்றின்மேல் நெடுக இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகள். பிக்கட்டி, மஞ்சூர் பக்கத்து வாசகர்களுக்கு இது அண்டை ஊர்ச் சமாச்சாரம்.

அதே தொலைநோக்கியை பிளாஸ்டிக் கட்டைகளால் செய்து பிக்கட்டியில் ஒரு பள்ளிக் கண்காட்சியில் வைப்பதாக எண்ணிக்கொள்வோம். பக்கத்தில் நம் ராக்கெட்டுகளையும் அதே அளவுகோலில் நிறுத்த வேண்டும். மேசை எவ்வளவு நீளம் வேண்டும்? கட்டைகளால் ராக்கெட் கட்டுகிறவர்கள் இன்று உலகமெங்கும் பரவலாகக் கைக்கொள்ளும் விகிதம் 1:110. அந்தக் கணக்கில் தொலைநோக்கி 4 மீட்டர் 80 சென்டிமீட்டர் வரும். அகலம் 27 சென்டிமீட்டர். வகுப்பறை மேசைகள் நாலைந்தை ஒட்டிப் போட்டால் அடங்கிவிடும். அதன் அருகே, இந்தியா தன் கையால் செய்து செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்ட முதல் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 ஒரு சாண் உயரம்தான் நிற்கும்.

செய்தித்தாள் படத்தில் எல்லா ராக்கெட்டும் ஒரே உயரம். பள்ளிச் சுவரில் ஒட்டிய சார்ட்டிலும் அப்படித்தான். பொம்மைக் கட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர், ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர் என்று அது கறாராக நிற்கும். அந்தக் கறார்தான் விண்வெளி வரலாற்றைப் படிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழிகளில் ஒன்று. ஆகவே இந்த வாரம் தொலைநோக்கியை விட்டுவிட்டுப் பொம்மைக்கு வருவோம்.

பறக்கும் ஆசைக்கும் கட்டைக்கும் உள்ள உறவு ராக்கெட்டுக்கு முந்தியது. ஜெர்மனியில் ஓட்டோ லிலியன்தால் என்று ஒரு பொறியாளர் இருந்தார். துணியும் கழியும் கொண்டு இறக்கை கட்டி, குன்றின் மேலிருந்து குதித்துக் குதித்து மிதந்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று விழுந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. அவர் எழுதி வைத்ததைப் படித்துவிட்டுத்தான் ரைட் சகோதரர்கள் வேலையைத் தொடங்கினார்கள். இவை பாடப்புத்தகத்தில் உண்டு. அவரும் தம்பி குஸ்தாவும் குவார்ட்ஸ் மணல், சுண்ணப்பொடி, ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் கலந்து அழுத்திக் குழந்தைகளுக்கான கட்டடக் கற்களைச் செய்தார்கள் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. வியாபாரம் அவர்களுக்குக் கைகூடவில்லை. உரிமையை ரிக்டர் என்ற வியாபாரிக்கு விற்றார்கள். அவர் அதை 1880களில் நங்கூர முத்திரையுடன் உலகமெங்கும் விற்றுப் பணம் பார்த்தார். கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம். சரி, பொம்மைத் தொழிலில் இது முதல் அநியாயமும் அல்ல, கடைசியும் அல்ல.

ரைட் சகோதரர்கள் பக்கமும் ஒரு பொம்மை இருக்கிறது. 1878இல் அவர்களுடைய அப்பா வாங்கி வந்த, ரப்பர் முறுக்கில் பறக்கும் சின்ன ஹெலிகாப்டர். பறக்கும் ஆர்வம் அதிலிருந்துதான் தொடங்கியது என்று அவர்களே பின்னாளில் சொன்னார்கள். விமானத்துக்கு முன்னால் பொம்மை வந்தது என்றால் அது அலங்காரப் பேச்சு இல்லை. ஆண்டுக் கணக்கே அதுதான்.

நங்கூரக் கல்லில் குமிழ் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று தன் பாரத்தால் உட்கார்ந்திருக்கும். கோட்டை கட்டலாம், பாலம் கட்டலாம், ராக்கெட் கட்ட முடியாது. கவ்விப் பிடிக்கும் கட்டை வந்தது 1947இல். இங்கிலாந்தில் கிட்டிகிராஃப்ட் என்ற நிறுவனம் நடத்திய ஹிலரி ஃபிஷர் பேஜ், மேலே குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1932 முதல் மரப் பொம்மை செய்துவந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சருக்கு அதன் மாதிரிகள் கைக்கு வந்தன. 1949இல் அவருடைய லெகோ நிறுவனம் ஏறக்குறைய அதே கட்டையை விற்கத் தொடங்கியது. பேஜ் 1957இல் இறந்தார். தன் கட்டை டென்மார்க்கில் என்ன ஆனது என்பது அவருக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் கட்டையில் ஒரு குறை இருந்தது. உள்ளே வெறும் பொந்து. அடுக்கினால் நிற்கும், ஆட்டினால் கழன்றுவிடும். ஓலேயின் மகன் காட்ஃப்ரெட் உள்ளே குழாய்களை வைத்தார். மேலே உள்ள குமிழ்கள் கீழே உள்ள குழாய்க்கும் சுவருக்கும் இடையே இறுகின. 1958 ஜனவரி 28 அன்று இதற்கான காப்புரிமை விண்ணப்பம் போனது. அன்று செய்த கட்டையும் இன்று செய்யும் கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் 91 கோடியே 51 லட்சத்துக்கு மேற்பட்ட விதங்களில் சேர்க்கலாம் என்று ஒரு கணிதப் பேராசிரியர் கணினியில் எண்ணிப் பார்த்திருக்கிறார். 1963இல் பிளாஸ்டிக்கும் மாறியது. வளையும் பழைய ரகம் போய், ஏ.பி.எஸ். என்ற உறுதியான ரகம் வந்தது. இந்த ஏ.பி.எஸ். சங்கதி நீலகிரிக்காரர்களுக்கு முக்கியமானது. பிறகு வருகிறேன்.

நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் என்ன இருந்தது? அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மரியா மாண்டிசோரி அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய கருவிகளில் ஒன்று இளஞ்சிவப்புக் கோபுரம். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்துச் சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்கள். பெரிது சிறிது என்பதைக் கண்ணால் மட்டும் அல்ல, கையின் பாரத்தாலும் குழந்தை அறிய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அளவுகோல் பாடம் என்றால் அதுதான் அளவுகோல் பாடம்.

கட்டையும் ராக்கெட்டும் கைகோத்தது அப்பல்லோவுக்குப் பிறகு. 1969இல் மனிதன் நிலவில் நடந்தான். 1970களின் நடுவில் நிலவில் இறங்கும் காட்சி ஒரு சின்ன லெகோ பெட்டியாக வந்தது. பெரிய அலை 1978இல் எழுந்தது. யென்ஸ் நீகார்ட் நுட்சன் என்ற வடிவமைப்பாளர் கையும் காலும் அசையும் குட்டி மனிதனை உருவாக்கினார். அதே கையோடு விண்வெளி வரிசையையும் தொடங்கினார். நீலமும் சாம்பலும் கலந்த கப்பல்கள், மஞ்சள் கண்ணாடி, ஹெல்மெட் போட்ட சிரித்த முகம். துப்பாக்கி கிடையாது. ஐரோப்பாவில் இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டால் விடமாட்டார்கள்.

அந்தப் பெட்டிகள் கடைக்கு வந்துகொண்டிருந்த அதே நாட்களில் ஸ்ரீஹரிகோட்டாவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 எழும்பியது. திட்டத்தை நடத்தியவர் அப்துல் கலாம். முதல் அடுக்கு ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு போனது. ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, 1980 ஜூலை 18 அன்று அதே ரக ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. உயரம் 22 மீட்டர், எடை 17 டன், அடிப்பாகத்தின் விட்டம் ஒரு மீட்டர், செயற்கைக்கோளின் எடை சுமார் 35 கிலோ.

இப்போது அதைக் கட்டிப் பார்ப்போம். 22 மீட்டரை 110ஆல் வகுத்தால் 20 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் விட்டத்தை வகுத்தால் 9 மில்லிமீட்டர். அதாவது ஒரு குமிழ். கட்டை உலகத்தில் அதைவிட மெல்லிய கட்டை கிடையாது. ஒற்றைக் குமிழ் வட்டக் கட்டைகள் இருபதை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று செருகுங்கள், மேலே ஒற்றைக் குமிழ்க் கூம்பு ஒன்றை வையுங்கள். மொத்தம் 21. எஸ்.எல்.வி.-3 தயார். கிட்டத்தட்டக் கீழ்ப்பாதி முழுக்க முதல் அடுக்கு. மேலே உள்ள மூன்று அடுக்குகள் போகப் போகக் குட்டை. மேல் அடுக்குகள் நிஜத்தில் கொஞ்சம் மெலிந்தவை. இந்த அளவில் அந்த மெலிவைக் காட்ட வழியில்லை. வெள்ளைக் கட்டை பத்து, சாம்பல் ஆறு என்று நிறத்தைப் பிரித்துக்கொண்டால் அடுக்கு தெரியும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: 21 கட்டை உயரத்தில் ஒற்றைத் தூண் ஆடும். குமிழ் நடுவே ஓட்டை உள்ள வகையாகப் பார்த்து எடுத்து உள்ளே மெல்லிய கம்பி செருகுவது நல்லது. இல்லாவிட்டால் யாரோ கதவைச் சாத்தும் அதிர்ச்சியில் 1979 மறுபடி நடக்கும்.

1:110 என்ற விகிதம் எங்கிருந்து வந்தது? அது எந்தப் பொறியாளரும் யோசித்து வகுத்தது அல்ல. ரசிகர்கள் அனுப்பிய யோசனையை ஏற்று 2017இல் லெகோ நிறுவனம் சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பெட்டியாக வெளியிட்டது. நிஜ ராக்கெட் 110.6 மீட்டர், பொம்மை ஒரு மீட்டர். துண்டுகளின் எண்ணிக்கை 1,969, அப்பல்லோ 11 போன ஆண்டு. அந்த ஒரு மீட்டர் பொம்மை வந்த பிறகு, சொந்தமாகக் கட்டுகிறவர்கள் மற்ற ராக்கெட்டுகளையும் அதன் பக்கத்தில் நிறுத்தும்படி அதே விகிதத்தில் கட்டத் தொடங்கினார்கள். ரஷ்ய சோயுஸ், ஐரோப்பிய ஏரியான், சீன லாங் மார்ச், நம் பி.எஸ்.எல்.வி. எல்லாம் அந்த வரிசைக்குள் வந்தன. அமெரிக்க ராக்கெட் ஒன்றுதான் அளவுகோலைத் தீர்மானித்தது என்பதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அளவுகோல் ஒன்றாக இருப்பதுதான் தேவை, அது யார் வீட்டு ஸ்கேல் என்பது அப்புறம்.

அந்தச் சாட்டர்ன் பொம்மையின் பருமனைக் கவனியுங்கள். நிஜத்தில் 10.1 மீட்டர் விட்டம், பொம்மையில் 9.2 சென்டிமீட்டர். இந்தியா சொந்தமாகச் செய்து தும்பாவிலிருந்து 1967 நவம்பர் 20 அன்று விட்ட முதல் ராக்கெட் ஆர்.எச்.-75. அந்த 75 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம். ஏழரை சென்டிமீட்டர். ஆக, அந்தப் பொம்மை சாட்டர்ன் நம் முதல் நிஜ ராக்கெட்டைவிடப் பருமன்! ஆர்.எச்.-75ஐ 1:110இல் கட்ட முடியாது, நூல் அளவுக்கு மெலிந்துவிடும். ஆனால் ஒன்பது குமிழ் அகலத்தில் முழு அளவிலேயே கட்டிவிடலாம். உலகத்தில் எத்தனை நாடுகளின் முதல் ராக்கெட்டை பொம்மைக் கட்டையில் நிஜ அளவில் கட்ட முடியும்? கண்காட்சியில் இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் எந்தச் சொற்பொழிவும் தேவையில்லை.

வரிசையைத் தொடர்வோம். ஏ.எஸ்.எல்.வி.யை விரைவாகச் சொல்லிவிடலாம்: நடுவில் எஸ்.எல்.வி. போன்ற ஒரு தூண், இரு பக்கமும் ஒரு மீட்டர் விட்டமுள்ள இரண்டு துணை மோட்டார்கள். கட்டையில் மூன்று ஒற்றைக் குமிழ்த் தூண்கள். 1987இலும் 1988இலும் அது கடலுக்குப் போனது, 1992இல்தான் செயற்கைக்கோளோடு மேலே போனது. பி.எஸ்.எல்.வி. வேறு ஜாதி. 44 மீட்டர் உயரம், 2.8 மீட்டர் விட்டம். கட்டையில் 42 அடுக்கு உயரம், மூன்று குமிழ் பருமன். எஸ்.எல்.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு மடங்கு உயரம், மூன்று மடங்கு அகலம். 1993 செப்டம்பரில் தோற்று, 1994 அக்டோபர் 15 அன்று வென்றது. அதன்பின் 2008இல் சந்திரயான்-1, 2013இல் மங்கள்யான் எல்லாம் இந்த முதுகில் ஏறித்தான் போயின.

கட்டுகிறவர்களுக்குப் பி.எஸ்.எல்.வி. ஒரு தலைவலி. இரண்டு குமிழ், நான்கு குமிழ் வட்டக் கட்டைகள் ஏராளமாகக் கிடைக்கும்; மூன்று குமிழ் வட்டம் எளிதில் கிடைக்காது. நடுவில் ஒரு சதுரத் தூணைக் கட்டி, நாலு பக்கமும் குமிழ் பக்கவாட்டில் இருக்கும் கட்டைகளை வைத்து, அவற்றின்மேல் வளைந்த துண்டுகளை ஒட்டுவார்கள். இதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. கட்டையில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ளது தகடு, 3.2 மில்லிமீட்டர். தகடு ஐந்தை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், சரியாக இரண்டு குமிழ் அகலம். நிமிர்ந்து நிற்கும் கட்டையும் படுத்துக் கிடக்கும் கட்டையும் ஒன்றோடொன்று கணக்குச் சரியாகப் பொருந்துவது இந்த ஐந்துக்கு இரண்டு வாய்ப்பாட்டால்தான். வட்டமான எதையும் சதுரக் கட்டையில் கட்டுவதற்கு இதைவிட்டால் வழி குறைவு. பி.எஸ்.எல்.வி. எக்ஸ்.எல். ரகத்தின் அடியில் நிற்கும் ஆறு துணை மோட்டார்களுக்குக் கவலையில்லை. 12 மீட்டர் உயரம், ஒரு மீட்டர் விட்டம். பதினோரு வட்டக் கட்டைகளை அடுக்கினால் ஒன்று ஆயிற்று. எஸ்.எல்.வி.-3இன் முதல் அடுக்கை வழிவழியாகத் தழுவி வந்த மோட்டார்கள் இவை. ஒரு காலத்தில் முழு ராக்கெட்டாக நின்றது இப்போது காலடியில் ஆறு துணையாக நிற்கிறது என்பதை மேசை மேலேயே காணலாம்.

கடைசியாக எல்.வி.எம்.-3. சந்திரயான்-3ஐ 2023 ஜூலை 14 அன்று கொண்டுபோனது. பெரிய ராக்கெட் என்றால் உயரமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உயரம் 43.5 மீட்டர், கட்டையில் 41 அடுக்கு. பி.எஸ்.எல்.வி.யைவிட ஒரு கட்டை குட்டை! ஆனால் எடை 640 டன், பி.எஸ்.எல்.வி. எக்ஸ்.எல்.லின் இரண்டு மடங்கு. அந்தக் கனம் எல்லாம் அகலத்தில் இருக்கிறது. நடுத்தூண் 4 மீட்டர், இரு பக்கமும் 3.2 மீட்டர் விட்டத்தில் திட எரிபொருள் மோட்டார்கள், தலையில் 5 மீட்டர் வெப்பக் கவசம். சார்ட்டில் இது தெரியாது. புத்தகத்தில் எண்ணாகக் கிடக்கும். கட்டையில் கட்டியவன் கை அதை மறக்காது.

இஸ்ரோ ராக்கெட்டுக்கு இப்படி ஒரு பெட்டி அந்த டென்மார்க் நிறுவனத்திடமிருந்து வந்ததில்லை. ஜப்பானியர்களுக்கு வந்தது. சிறுகோளிலிருந்து மண் எடுத்துக்கொண்டு 2010இல் திரும்பிய ஹயபுசா விண்கலத்துக்கு அங்குள்ள ரசிகர்கள் வாக்குத் திரட்டினார்கள். 2012இல் பெட்டி வெளிவந்தது. நம்மவர்களிடம் ஆர்வம் குறைவு என்று சொல்ல மாட்டேன். விலைதான் குறுக்கே நிற்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கம் நியாயமானதுதான். ஆனால் ஒரு மீட்டர் சாட்டர்ன் பெட்டி தேயிலைத் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு எட்டாக்கனி ஆனதும் உண்மை.

நல்லவேளையாகக் கட்டை யாருக்கும் தனிச் சொத்து அல்ல. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக வைத்துக்கொள்ள அந்த நிறுவனம் வழக்காடியது. அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்புச் சொன்னது. அதனால் அதே அளவில் பொருந்தும் கட்டைகளை வேறு பலரும் செய்கிறார்கள். ஊட்டிக் கடைத்தெருவிலும் திருவிழாக் கடைகளிலும் பில்டிங் பிளாக்ஸ் என்று பையில் போட்டு விற்பவற்றில் பொருந்துவதும் உண்டு, பொருந்தாததும் உண்டு. வாங்குமுன் இரண்டைச் செருகிப் பாருங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். எஸ்.எல்.வி.-3க்கு வேண்டியது 21 கட்டைகள்தான்.

காட்சிக்கு வைக்கும் பழக்கத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொலுப் படியும், அதன் கீழே பிள்ளைகள் அமைக்கும் பூங்காவும் எந்தக் காலத்திலும் ஊர் நடப்பைப் பேசியவை. 2023 நவராத்திரியில் பல வீடுகளில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் விக்ரம் லேண்டர் வந்து உட்கார்ந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஏவுதலுக்கு முந்திய நாள், இஸ்ரோ குழுவினர் சந்திரயான்-3இன் சின்ன மாதிரி ஒன்றைத் திருமலைக்கு எடுத்துப்போய் ஏழுமலையான் முன் வைத்தார்கள். விஞ்ஞானிக்கு இது தேவையா என்று ஒரு சாரார் கேட்டார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. மாதிரி உருவத்தைக் கையில் ஏந்திப் போகும் வழக்கம் அவர்களிடமும் இருக்கிறது என்பதே இந்தத் தொடருக்கு வேண்டிய சேதி. நீலகிரியில் மே மாதத்து மலர்க் கண்காட்சி அரண்மனையையும் ரயிலையும் பூவாலேயே கட்டிக் காட்டுவது. கட்டைக்கும் அதற்கும் பொருள்தான் வேறு, புத்தி ஒன்றுதான்.

பள்ளிக் கண்காட்சிகள்தாம் இதில் கொஞ்சம் பின்தங்கியிருக்கின்றன. தெர்மாகோல், சார்ட் அட்டை, பி.வி.சி. குழாய், தண்ணீர் பாட்டில். கோவையிலோ மதுரையிலோ இவை ஒரு வருஷம் தாங்கும். குந்தாப் பக்கத்து மழைக்காலத்தில், வகுப்பறைக்குள்ளே மேகம் நுழையும் ஊரில், அட்டை இரண்டு வாரத்தில் தொய்ந்து, பசை விட்டு, பூஞ்சை பிடித்துவிடும். ஏ.பி.எஸ். கட்டைக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு எதிரிகள் இரண்டு. ஒன்று வெயில்: மலை உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை, சன்னல் ஓரத்தில் வைத்த வெள்ளை ராக்கெட் பழுப்பேறிவிடும். இன்னொன்று வெந்நீர். இங்கே குளிருக்குப் பயந்து எதையும் வெந்நீரில் கழுவுவதுதான் வழக்கம். கட்டையைக் கொதிக்கும் நீரில் போட்டால் உருக்குலைந்துவிடும். 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். கைபொறுக்கும் நீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

பொம்மைக் கட்டை விண்வெளிக்கே போன கதையும் உண்டு. ஜப்பானிய விண்வெளி வீரர் சடோஷி ஃபுருகாவா 2011இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் உட்கார்ந்து அந்த நிலையத்தையே கட்டையில் கட்டினார். துண்டுகள் மிதந்து ஓடிவிடாமலும், பிளாஸ்டிக் தீப்பற்றும் அபாயம் கருதியும் கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் பெரும்பாலும் வேலை நடந்தது. அவர் கட்டிய மாதிரியை பூமியில் நிறுத்தினால் தன் எடையைத் தானே தாங்காமல் உடைந்துவிடும். 2011 ஆகஸ்ட் 5 அன்று வியாழனுக்குப் புறப்பட்ட ஜூனோ விண்கலத்தில் கலிலியோ, ஜூபிடர், ஜூனோ என்று மூன்று குட்டி உருவங்கள் போயின. பிளாஸ்டிக் அல்ல, அலுமினியம்.

நாமோ நிலவையே இங்கே மாதிரியாகச் செய்தோம். லேண்டர் இறங்கிப் பழக நிலவு மண் வேண்டும். அதற்கு ஒப்பான அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் உதவியோடு அதைப் பொடித்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அந்த மண்ணில் பழகிய பிறகு, விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04க்கு நிஜ மண்ணில் இறங்கியது.

நம் 1:110 மேசையில் அந்த லேண்டரும் ரோவரும் எவ்வளவு பெரிதாக இருக்கும்? விக்ரம் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், சுமார் 1.17 மீட்டர் உயரம். வகுத்தால் 18க்கு 18க்கு 10.6 மில்லிமீட்டர். நான்கு குமிழ் உள்ள ஒரு சதுரக் கட்டை 16க்கு 16க்கு 9.6. பிரக்யான் ரோவர் 917க்கு 750க்கு 397 மில்லிமீட்டர், வகுத்தால் 8.3, 6.8, 3.6. ஒற்றைக் குமிழ்த் தகடு 8, 8, 3.2. ஆக, நிலவின் தென் துருவத்துக்கு அருகே இந்தியா இறக்கிய மொத்தமும் ஒரு கட்டை, ஒரு தகடு. அதைக் கொண்டுபோக 41 அடுக்கு உயரத்தில், அத்தனை பருமனாக, 640 டன்.

கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு ராக்கெட் வைப்பதானால், கட்டையிலோ அட்டையிலோ எதில் செய்தாலும், எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் செய்யச் சொல்லுங்கள். அந்த விகிதத்தைச் சீட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ராக்கெட்டின் பக்கத்தில் அதே விகிதத்தில் ஓர் ஆளையும் நிறுத்துங்கள். 1:110இல் அவர் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர். பிக்கட்டியில் யாராவது முத்தோரைத் தொலைநோக்கியையும் சேர்த்துக் கட்டுவதானால் ஐந்து மீட்டர் இடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)